நொதியம் குறைந்ததா, அடங்கியதா? கலத்தின் கட்டுப்பாட்டை இனங்காணும் முறை

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவரிடம் கலம் தன் நொதியங்களை, அதாவது இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தும் புரதங்களை, எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்று கேட்டால், பின்னூட்டல் நிரோதம், அலொஸ்ரெரிக் கட்டுப்பாடு, பொசுபேற்றேற்றம், பரம்பரையலகுக் கட்டுப்பாடு என்று ஒரு பட்டியலைத் தடையின்றி ஒப்புவிப்பார். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகளாக இப்பாடத்தைக் கற்பித்துவரும் எனக்கு அந்தப் பட்டியல் நிறைவளித்ததில்லை. முன்பின் காணாத ஒரு நிகழ்வை முன்வைத்து, இவற்றுள் எது இங்கே நடைபெறுகிறது என்று வினவும்போது, அதே மாணவர் திகைத்து நின்றுவிடுகிறார். மூலிகைகளின் பெயர்களை மனனம் செய்தவர் எல்லோராலும் வேலியோரத்தில் நிற்கும் செடியை இனங்கண்டுவிட முடியாது அல்லவா? இவ்வழிகாட்டி அந்த இனங்காணலைப் பழக்குவதற்காக எழுதப்படுகிறது.

ஒரு தாக்கத்தின் வீதத்தை மாற்றுவதற்குக் கலத்திடம் அடிப்படையில் இரண்டு வழிகளே உள்ளன. நொதிய மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம் அல்லது குறைக்கலாம். அன்றேல் எண்ணிக்கையைத் தொடாமல், இருக்கும் மூலக்கூறு ஒவ்வொன்றும் எவ்வளவு விரைவாகத் தொழிற்படுகிறது என்பதை மாற்றலாம். முன்னதை அளவுக் கட்டுப்பாடு என்றும் பின்னதைத் தொழிற்பாட்டுக் கட்டுப்பாடு என்றும் இங்கே குறிப்பிடுவேன். தாக்கம் மந்தமாகிவிட்டது என்பதை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்தறிய மாணவர் முதலில் கேட்கவேண்டிய வினா, மாற்றம் தோன்ற எவ்வளவு நேரம் எடுத்தது என்பதே என நான் கருதுகிறேன். ஏனைய சோதனைகள் யாவும் அந்த வினாவுக்குக் கிடைக்கும் விடையை உறுதிப்படுத்த வருபவை.

முதலில் கஞ்சியும் உமிழ்நீரும்

நூலைத் திறப்பதற்கு முன்னர், வீட்டுச் சமையலறையிலேயே செய்யக்கூடிய ஒரு பரிசோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு தேக்கரண்டி அரிசிமாவை இரண்டு குவளை நீரில் கரைத்துக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, மேலே நிற்கும் மெல்லிய கஞ்சியை வடித்தெடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயடீனில் சில துளிகளை நீரிலிட்டு வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். வாயை நீரால் கொப்பளித்தபின் உமிழ்நீரைச் சிறிது சேகரித்து, அதன் ஒன்பது மடங்கு நீரைச் சேர்த்து ஐதாக்குங்கள். ஒரே வகையான நான்கு சிறு கண்ணாடிக் குவளைகளில் சம அளவு கஞ்சியை ஊற்றி, முதலாவதில் ஐதாக்கிய உமிழ்நீரைச் சேருங்கள். இரண்டாவதில் அதை மேலும் பாதியாக ஐதாக்கிச் சேருங்கள். மூன்றாவதில் முதலாவதில் இட்ட அதே உமிழ்நீரைச் சேர்த்து, ஆனால் குவளையை முன்கூட்டியே பனிக்கட்டி நீரில் குளிரவிட்டு அங்கேயே வைத்திருங்கள். நான்காவதில் நன்கு கொதிக்கவைத்து ஆறவிட்ட உமிழ்நீரைச் சேருங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலுமிருந்து ஒரு துளியை எடுத்து, வெள்ளைத் தட்டில் உள்ள அயடீன் துளியுடன் கலந்து, மாப்பொருள் இருப்பதைக் காட்டும் நீலநிறம் தோன்றாதுபோகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது குவளையில் நீலம் முந்தி மறையும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தாமதமாகும். நான்காவதில் அது மறையவே மாட்டாது. இப்போது இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில், மாப்பொருளை உடைக்கும் உமிழ்நீர் நொதியமாகிய அமிலேசின் மூலக்கூறுகள் பாதியாகக் குறைந்துள்ளன. மற்றதில் ஒரு மூலக்கூறுகூடக் குறையவில்லை, குளிரால் அவற்றின் வேலை மந்தமாகியிருக்கிறது. ஆயினும் நீங்கள் எழுதிய குறிப்பில் இரண்டுக்கும் தாமதம் என்ற ஒரே சொல்தான் நிற்கும். பரிசோதனையை மீண்டும் தொடங்கி, இம்முறை மூன்றாவது குவளையை இடையிலேயே பனிக்கட்டியிலிருந்து எடுத்துச் சாதாரண வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால், புதிதாக எதையும் சேர்க்காமலேயே அது முதலாவதின் வேகத்தை எட்டும். இரண்டாவதற்கு அவ்வாறு மீட்சியில்லை. மேலும் உமிழ்நீர் ஊற்றினாலன்றி அது விரைவுபடாது. கொதித்த நான்காவதில் புரதம் இருக்கிறது, ஆனால் உருக்குலைந்துவிட்டது. அதற்கு எந்த மீட்சியும் கிடையாது.

கலம் தன் நொதியங்களைப் பனிக்கட்டி கொண்டு கட்டுப்படுத்துவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை இங்கே ஒரு பதிலி மட்டுமே. ஆனால் புதிதாக எதையும் சேர்க்காமல் மீளுமா என்ற கேள்வி பதிலியன்று. ஆய்வுகூடத்தில் செய்யப்படும் மிக நுட்பமான சோதனைகளும் இதே கேள்வியைத்தான் வேறு கருவிகளால் கேட்கின்றன.

நேரத்தைக் கொண்டு வகுத்தல்

நல்லூர்த் தேர்த் திருவிழாவன்று வடம் பிடிப்பவர் ஒருவரின் தொடைத்தசையை எண்ணிப் பாருங்கள். வடம் இறுகி, அவர் கால்களை ஊன்றி இழுக்கத் தொடங்கிய கணத்திலேயே தசைக்கலத்தில் சக்தி நாணயமாகிய ஏ.ரி.பி. செலவாகி, அதன் எச்சமாகிய ஏ.எம்.பி. உயர்கிறது. உயர்ந்த ஏ.எம்.பி., கிளைக்கோசனை உடைக்கும் பொசுபோரிலேசு என்னும் நொதியத்திலும், குளுக்கோசுச் சிதைவின் வாயிலில் நிற்கும் பொசுபோபிரற்றோகைனேசிலும், தாக்கம் நடைபெறும் உயிர்ப்பு மையத்தைவிட்டு விலகிய ஓரிடத்தில் சென்று அமர்ந்து, அவற்றின் வடிவத்தைச் சற்று மாற்றி விரைவுபடுத்துகிறது. உயிர்ப்பு மையம் அல்லாத வேறோர் இடத்தில் நிகழும் இத்தகைய பிணைப்பையே அலொஸ்ரெரிக் கட்டுப்பாடு என்கிறோம். இதற்குப் புதிய புரதமும் தேவையில்லை, புதிய பிணைப்பை உண்டாக்க வேறொரு நொதியமும் தேவையில்லை. சிறு மூலக்கூறு வந்தமர்வதும் விலகுவதும் மட்டுமே நிகழ்வதால், செக்கனுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அதே வேளையில் நரம்பின் கட்டளையால் தசைக்கலத்தினுள் கல்சியம் வெளிப்படுகிறது. குருதியில் அதிரினலின் உயர்கிறது. இவ்விரு செய்திகளும் பொசுபோரிலேசுக் கைனேசு என்னும் இன்னொரு நொதியத்தை எழுப்ப, அது பொசுபோரிலேசின் அமினோ அமிலச் சங்கிலியில் 14ஆம் இடத்திலுள்ள செரினில் ஒரு பொசுபேற்றைப் பதிக்கிறது; இதுவே பொசுபேற்றேற்றம். பொசுபேற்றுப் பதிந்த நொதியம், ஏ.எம்.பி.யின் துணையை எதிர்பாராமலேயே தொழிற்படும். இங்கே ஒரு நொதியம் மற்றொன்றை எழுப்பும் தொடர் இருப்பதால் சில செக்கன்கள் முதல் நிமிடங்கள் வரை செல்கின்றன. ஆனால் செய்தி படிக்குப்படி பெருகுகிறது. பொசுபோரிலேசு இரண்டு வடிவங்களில் இருப்பதைக் கார்ல் கோரி, கேர்ட்டி கோரி இணையரின் ஆய்வுகூடம் கண்டறிந்திருந்தது. ஒரு வடிவம் மற்றதாக மாறுவதற்குப் பொசுபேற்றே காரணம் என்பதை எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்சும் 1950களின் நடுப்பகுதியில் வெளிக்கொணர்ந்தனர். அதற்காக 1992இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. தசை எப்படிச் சர்க்கரையை எடுக்கிறது என்ற சிறிய கேள்வியிலிருந்து, கலத்தின் எண்ணற்ற புரதங்களை ஆளும் ஒரு பொதுமுறை வெளிப்பட்டதை ஒவ்வோராண்டும் வகுப்பில் சொல்லும்போது எனக்கு வியப்பு குறைவதில்லை.

மூன்றாவது கடிகாரம் மிக மெதுவாக ஓடுவது. வடம் பிடிப்பவர் ஒருநாள் இழுத்துவிட்டு ஓய்பவர். ஆனால் நாள்தோறும் பல பனைகளில் ஏறி இறங்கும் சீவல் தொழிலாளியின் தசையில், தொடர்ந்த உழைப்பின் பயனாக, இழைமணிகளும் அவற்றினுள் இருக்கும் நொதியங்களும் எண்ணிக்கையிலேயே உயர்ந்திருக்கும். பரம்பரையலகுகளிலிருந்து தூதர் ஆர்.என்.ஏ. பிரதியெடுக்கப்பட்டு, அது புரதமாக மொழிபெயர்க்கப்பட்டு, உரிய இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சேர்ந்தபின்னரே இம்மாற்றம் உணரப்படுவதால், அதற்கு வாரங்கள் தேவைப்படுகின்றன.

ஆகவே மனிதக் கலத்தைப் பற்றிய வினாவில், செக்கனுக்குள் வந்து செக்கனுக்குள் மறையும் மாற்றத்தைக் கண்டால் சிறு மூலக்கூறின் பிணைப்பை முதலில் ஐயுறுங்கள். நிமிடக்கணக்கில் வந்து, தூண்டிய ஓமோன் போனபின்னும் சற்று நீடிக்கும் மாற்றத்தில் பொசுபேற்றேற்றத்தைத் தேடுங்கள். மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் மெல்ல எழும் மாற்றத்தில் அளவுக் கட்டுப்பாட்டை எதிர்பாருங்கள்.

இவ்வளவீட்டைப் பற்றீரியாவுக்கு அப்படியே பொருத்துவது பெரும் பிழை. ஈ.கோலை பற்றீரியாவுக்கு உணவாக இலற்றோசைக் கொடுத்தால், அதை உடைக்கும் பீற்றா கலற்றோசிடேசு சில நிமிடங்களிலேயே புதிதாகத் தோன்றத் தொடங்குகிறது. கலத்துக்குச் சில மூலக்கூறுகளே இருந்த நிலை மாறி, அளவு ஏறத்தாழ ஆயிரம் மடங்காக உயர்கிறது. இலற்றோசு இல்லாதபோது அடக்கிப் புரதமொன்று டி.என்.ஏ.யில் அமர்ந்து பிரதியெடுத்தலைத் தடுத்துநிற்பதையும், இலற்றோசிலிருந்து உண்டாகும் அலோலற்றோசு அதனுடன் பிணைந்து அதை விலக்குவதையும் உள்ளடக்கிய பொறிமுறைக்கு அடித்தளமிட்டவர்கள் பிரான்சுவா ஜக்கோப், ஜாக் மொனோ ஆகியோர். 1961இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தூணாக நிற்கிறது. 1965இல் அந்திரே லுவோவுடன் சேர்ந்து இருவரும் நோபல் பரிசு பெற்றனர். பற்றீரியாவில் கரு மென்சவ்வு இல்லாததால், தூதர் ஆர்.என்.ஏ. எழுதி முடிவதற்கு முன்னரே அதன்மீது புரத ஆக்கம் தொடங்கிவிடுகிறது. அதனாலேயே அங்கே அளவுக் கட்டுப்பாடும் நிமிடக்கணக்கில் நிகழ்கிறது. ஆகையால் வினாவைப் படிக்கும்போது, எந்த உயிரியின் கலம் என்பதை அடிக்கோடிட்ட பின்னரே நேரத்தைப் பாருங்கள்.

ஊற்றும் இறைப்பும்

அளவுக் கட்டுப்பாடுதான் என்று முடிவுசெய்தவுடன் மாணவர் பலர் பரம்பரையலகு திறந்தது அல்லது மூடியது என்று எழுதிவிட்டு நின்றுவிடுகின்றனர். அங்கே நிற்கக்கூடாது. நம் ஊர்க் கிணற்றின் நீர்மட்டம் கோடையில் தாழ்ந்தால், ஊற்று வற்றியதா, வெங்காயத் தோட்டத்துக்கு இறைப்பது கூடியதா என்று வீட்டார் இரண்டையும் விசாரிப்பார்கள். மட்டம் என்பது வரவும் செலவும் சேர்ந்து நிர்ணயிக்கும் ஒன்று. நொதியத்தின் அளவும் அத்தகையதே. ஆக்கமும் அழிவும் எப்போதும் ஒருங்கே நடந்துகொண்டிருக்கின்றன.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது, 1965இல் ரொபேட் சிம்கேயும் உடன் உழைத்தவர்களும் எலியின் ஈரலில் செய்த ஆய்வு. ரிப்ரோபன் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதியம், எலிக்கு ஐதரோகோட்டிசோன் கொடுத்தபோதும் உயர்ந்தது, ரிப்ரோபனையே கொடுத்தபோதும் உயர்ந்தது. கதிரியக்க அமினோ அமிலங்களைக் கொண்டு ஆக்கத்தையும் அழிவையும் தனித்தனியே அளந்தபோது, ஓமோன் புதிய நொதியத்தின் ஆக்கத்தை விரைவுபடுத்தியதும், ரிப்ரோபன் இருந்த நொதியத்தின் அழிவைத் தாமதப்படுத்தியதும் தெரியவந்தன. மட்டம் உயர்ந்தது இரண்டிலும் ஒன்றே; ஆனால் ஒன்றில் ஊற்றுப் பெருகியது, மற்றதில் இறைப்புக் குறைந்தது.

அழிவு என்பது தற்செயலாக நிகழும் தேய்வு அன்று. யுபிக்குயிட்டின் என்னும் சிறு புரதத்தைச் சங்கிலியாகக் கோத்து ஓட்டுவதன் மூலம், அழிக்கவேண்டிய புரதத்தைக் கலம் குறியிடுகிறது. குறியிடப்பட்டதைப் புரோற்றியசோம் என்னும் பீப்பாய் வடிவ அமைப்பு உள்ளிழுத்துத் துண்டாடுகிறது. இதைக் கண்டறிந்த ஏரன் சிகனோவர், அவ்ரம் ஹேர்ஷ்கோ, ஏர்வின் ரோஸ் ஆகிய மூவரும் 2004இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். எலியின் ஈரலில் ஓர்னிதீன் டீகாபொட்சிலேசின் அரைவாழ்வு அரை மணிநேரத்துக்கும் குறைவு. அதே ஈரலில் ஆர்ஜினேசு பல நாட்கள் நிலைக்கிறது. விரைவில் அழியும் நொதியத்தை ஓயாமல் ஆக்கிக்கொண்டிருப்பது வீண்செலவு என்று தோன்றலாம். ஆனால் ஆக்கத்தை நிறுத்திய அரை மணிநேரத்தில் அதன் அளவு பாதியாகும் என்பதால், அத்தகைய நொதியத்தை மட்டுமே கலம் அளவின் மூலம் விரைந்து ஆள முடிகிறது. ஒரு நொதியம் எவ்வளவு விரைவில் புதிய மட்டத்தை அடையும் என்பதை நிர்ணயிப்பது அதன் ஆக்கவீதமன்று, அரைவாழ்வே ஆகும். இக்கருத்தைப் பாடக்குறிப்பில் பெரிய எழுத்தில் எழுதிவைக்குமாறு என் மாணவரிடம் சொல்வதுண்டு.

பற்றீரியாவில் இக்கணக்குச் சற்று வேறுபடும். பீற்றா கலற்றோசிடேசு எளிதில் அழிவதில்லை. இலற்றோசு தீர்ந்தபின் ஆக்கம் நின்றுவிடுகிறது; கலங்கள் பிரியப்பிரிய, இருந்த நொதியம் மகட்கலங்களுக்குப் பங்கிடப்பட்டுத் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகிறது. மூதாதையர் காணி பிள்ளைகளிடையே பங்காகிச் சிறுத்துப்போவதைப் போன்றது இது. பிரியாமல் நிலைத்திருக்கும் நரம்புக்கலத்துக்கு இவ்வழி கிட்டாது. அது அழித்தே ஆகவேண்டும்.

நேரத்தின் பயனை மருத்துவத்திலும் காணலாம். காசநோய்க்கு வழங்கப்படும் ரிபம்பிசின், ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்களின் ஆக்கத்தைப் பரம்பரையலகு மட்டத்தில் தூண்டுகிறது. அதனால் குருதி உறையாதிருக்க வோபரின் உட்கொள்பவரிடம் அதன் விளைவு மெல்லக் குறைந்து, ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்களில் மாற்றம் முழுமை பெறுகிறது. ரிபம்பிசினை நிறுத்தினாலும் விளைவு உடனே நீங்காது. கூடிய நொதியம் அழிந்து குறையும்வரை அதுவும் வாரக்கணக்கில் இழுபடும். மாறாக, கிளரித்ரோமைசின் போன்ற மருந்து அதே வகை நொதியங்கள் சிலவற்றை நேரடியாக நிரோதிப்பதால், அதாவது தடுப்பதால், அதன் விளைவு சில நாட்களுக்குள்ளேயே வெளிப்படுகிறது. மருந்தின் அளவை மருத்துவரே மாற்றவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஏன் அவர் மீண்டும் மீண்டும் குருதிச் சோதனைக்கு வரச் சொல்கிறார் என்பதை இந்தப் பாடத்தைப் படித்தவர் வீட்டாருக்கு எடுத்துரைக்கலாம்.

நிறுத்திப் பார்த்தலும் கழுவிப் பார்த்தலும்

நேரம் தந்த ஊகத்தைச் சோதிக்க, கட்டமைப்பு வினாக்களில் பெரும்பாலும் இரண்டு பரிசோதனைகள் விபரிக்கப்பட்டிருக்கும். ஒன்று, புரத ஆக்கத்தை நிறுத்திப் பார்ப்பது. மதுவம், விலங்கு, தாவரம் ஆகியவற்றின் கலங்களில் சைக்குளோஎக்சிமைட்டும், பற்றீரியாவில் குளோரம்பெனிக்கோலும் இதற்குப் பயன்படும். தூண்டலின்போது இவற்றைச் சேர்த்தும் நொதியத்தின் வேலை உயர்ந்தால், அவ்வுயர்வுக்குப் புதிய புரதம் தேவைப்படவில்லை என்பது தெளிவு. ஆகவே பெரும்பாலும் அது தொழிற்பாட்டுக் கட்டுப்பாடு. உயர்வு மறைந்துபோனால், புதிய புரதம் தேவை என்று மட்டுமே சொல்லலாம். அப்புதிய புரதம் நாம் அளக்கும் நொதியமாகவும் இருக்கலாம், அதை எழுப்பும் வேறொரு புரதமாகவும் இருக்கலாம். இவ்வேறுபாட்டை எழுதும் விடைத்தாளைத் திருத்தும்போது மனம் மகிழும்.

மற்றது, கழுவிப் பார்ப்பது. கலத்தை உடைத்தெடுத்த சாற்றை, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியேறவிடும் மென்சவ்வுப் பையில் இட்டு நீண்ட நேரம் கரைசலில் அமிழ்த்திவைத்தால், நொதியம் உள்ளே தங்க, அதனுடன் தளர்வாகப் பிணைந்திருந்தவை கழுவுண்டு போகும். கழுவியபின் நிரோதம் நீங்கினால், அது மீளும் பிணைப்பு. நீங்காவிடில், பங்கீட்டுப் பிணைப்பு என்னும் உறுதியான இரசாயனப் பிணைப்பால் ஏதோவொன்று நொதியத்தில் பதிந்திருக்கவேண்டும், அன்றேல் நொதியமே குறைந்திருக்கவேண்டும். பொசுபேற்றை நீக்கும் பொசுபற்றேசைச் சேர்த்தவுடன் முன்னைய நிலை திரும்பினால், விடை கைக்கு வந்துவிட்டது.

1956இல் எட்வின் அம்பர்கர், ஈ.கோலையில் திரியோனினிலிருந்து ஐசோலியூசின் உண்டாகும் பாதையை ஆராய்ந்தபோது, பாதையின் இறுதி விளைபொருளாகிய ஐசோலியூசின், அப்பாதையின் முதல் நொதியமாகிய திரியோனின் டீஅமினேசை நேரடியாக நிரோதிப்பதைக் கண்டார்; இதுவே பின்னூட்டல் நிரோதம். கலம் உடைந்த சாற்றிலேயே, புதிய புரதம் எதுவும் ஆக்கப்படாத நிலையிலும் இது நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. முதற்படியிலேயே தடுப்பதில் பெரும் சிக்கனம் உண்டு. இடைப்படியில் தடுத்தால், பயன்படாத இடைவிளைபொருள்கள் தேங்கும். வினாவில் ஒரு பாதையைக் கீறித் தந்து, எந்த நொதியம் கட்டுப்படுத்தப்படும் என்று கேட்டால், அப்பாதைக்கே உரிய முதற்படியை, அதாவது கிளைபிரிந்தபின் வரும் முதல் மீளாப்படியைத் தேடுங்கள்.

இயக்கவியல் வரைபுகள் தரப்பட்டிருந்தால் இன்னும் ஒரு பிடி கிடைக்கிறது. நொதியத்தின் அளவு பாதியானால் உயர்வேகம், அதாவது நொதியம் தாக்கும் பொருளாகிய கீழ்ப்படை நிறைந்திருக்கும்போது எட்டும் ஆகக்கூடிய வீதம், பாதியாகும். உயர்வேகத்தின் பாதியைத் தரும் கீழ்ப்படைச் செறிவாகிய மைக்கலிஸ் மாறிலி மாறாது. உயிர்ப்பு மையத்துக்காகக் கீழ்ப்படையுடன் போட்டியிடும் போட்டி நிரோதி இருந்தால் உயர்வேகம் மாறாது. மைக்கலிஸ் மாறிலி உயர்வதுபோல் தோன்றும். அலொஸ்ரெரிக் நொதியங்கள் பெரும்பாலும் எஸ் வடிவ வளையியைத் தரும். ஆனால் போட்டியற்ற தூய நிரோதியும் உயர்வேகத்தைக் குறைத்து மைக்கலிஸ் மாறிலியைத் தொடாமல் விடுவதால், வரைபை மட்டும் கொண்டு அதை அளவுக்குறைவிலிருந்து பிரிக்க இயலாது. அங்கே மறுபடியும் கழுவிப் பார்க்கவேண்டும்; அல்லது பிறபொருளெதிரியைக் கொண்டு நொதியப் புரதத்தை நேராக அளக்கவேண்டும்.

உறங்கும் நொதியத்தின் ஒரு துண்டை வெட்டி அதை எழுப்பும் வழியையும் சுருக்கமாகக் கூறலாம். சதையி திரிப்சினை அப்படியே சுரந்தால் தன்னையே சமித்துக்கொள்ளும். ஆதலால் திரிப்சினோசன் என்னும் உறங்குநிலையில் அதைச் சுரந்து, சிறுகுடலை அடைந்தபின் என்ரரோபெப்ரிடேசு ஒரு சிறு துண்டை வெட்டியெடுக்க விட்டுவிடுகிறது. இது விரைவானது, ஆனால் மீளாதது. வெட்டிய துண்டு திரும்ப ஒட்டாது.

நொதியத்தை இடம்மாற்றி ஆள்வதும் உண்டு. ஈரல்கலத்தின் குளுக்கோகைனேசு, பசித்திருக்கும் வேளையில் ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்தால் கருவினுள் பிடித்துவைக்கப்பட்டு, உணவுக்குப்பின் விடுவிக்கப்படுகிறது. அதே நொதியத்தின் ஆக்கத்தை இன்சுலினும் மணிக்கணக்கில் உயர்த்துகிறது. ஒரு நொதியத்துக்கு ஒரு கட்டுப்பாடு என்று எண்ணுவோருக்கு இது நல்ல மறுப்பு.

வழுக்கும் இரண்டு இடங்கள்

பற்றீரியாவின் இலற்றோசுக் கதையைப் படித்த மாணவர், பால் குடிக்கக் குடிக்க மனிதக் குடலிலும் இலற்றேசு பெருகும் என்று எழுதுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மனிதரில் அவ்வாறு நிகழ்வதில்லை. இலற்றேசின் அளவு குழந்தைப் பருவத்தில் உயர்ந்திருந்து, பால்குடி மறந்தபின் பலரில் மரபுவழியாகவே குறைந்துவிடுகிறது. பால் குடிப்பதால் அது மீண்டும் எழாது. பால் ஒத்துக்கொள்ளாத பெரியவர் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்குக் காரணம், தயிரின் பற்றீரியாக்கள் இலற்றோசின் ஒரு பகுதியை முன்னரே பயன்படுத்திவிடுவதும், அவற்றின் நொதியம் குடலிலும் சிறிது உதவுவதுமாகும்.

நிரோதி வந்தால் நொதியம் குறையும் என்பது மற்றொரு தவறான எண்ணம். குருதிக் கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் மருந்துகள், கொலஸ்திரோல் ஆக்கப் பாதையின் முக்கிய நொதியமாகிய எச்.எம்.ஜி. கோ.ஏ. ரிடக்டேசின் உயிர்ப்பு மையத்துக்குப் போட்டியிடுகின்றன. கொலஸ்திரோல் குறைவதைக் கலம் உணர்ந்ததும், அந்த ரிடக்டேசின் ஆக்கத்தைக் கூட்டுகிறது, அழிவையும் தாமதப்படுத்துகிறது. விளைவாக, தொழிற்பாடு அடங்கியிருக்க, அளவோ பல மடங்கு உயர்ந்திருக்கும். கூடவே குருதியிலிருந்து கொலஸ்திரோலை உள்ளிழுக்கும் வாங்கிகளையும் ஈரல்கலம் கூட்டுகிறது. மருந்தின் நன்மையில் பெரும்பங்கு அதனாலேயே கிடைக்கிறது. இத்துறையின் அடிப்படையை அமைத்த மைக்கேல் பிறவுணும் யோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒரு முட்டியில் முழுப்பாடம்

கற்ற யாவற்றையும் ஒரே நிகழ்வில் பொருத்திப் பார்க்க, பனையில் கட்டிய முட்டியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்கு வேறில்லை. உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்குவது இனிப்பு மாறாத கருப்பநீர்; சுண்ணாம்பின் காரத்தால் மதுவமும் பற்றீரியாவும் அங்கே பெருக முடிவதில்லை. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி கிடைக்கும். சுண்ணாம்பு பூசாத முட்டியில் அதே நீர் கள்ளாகிறது. பழைய முட்டியின் அடியில் ஒட்டியிருந்த மதுவக்கலம், சர்க்கரை தீர்ந்தபின் எஞ்சிய அற்ககோலை ஒட்சிசனின் துணையோடு உண்டு, அதிலிருந்து தனக்குத் தேவையான சர்க்கரைப் பொசுபேற்றுகளைத் தானே கட்டிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆக்கப் பாதைக்குப் பிரற்றோசு இருபொசுபற்றேசு என்ற நொதியம் இன்றியமையாதது. இப்போது சுக்குரோசு நிறைந்த புதிய நீர் வந்து விழுகிறது. கலத்தின் வெளிப்புறத்தில் உள்ள இன்வேற்றேசு அதைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் உடைக்கிறது. இனிச் சர்க்கரையைக் கட்டும் நொதியம் தேவையில்லை. தேவையில்லை என்பதோடு, அது தொடர்ந்து தொழிற்பட்டால் ஒருபுறம் உடைப்பதும் மறுபுறம் கட்டுவதுமாக ஏ.ரி.பி. வீணாகும்.

மதுவத்துக்குக் குளுக்கோசு கொடுத்து ஆய்வுகூடங்களில் கண்டவற்றை, நேர ஒழுங்கில் நீங்களே எழுதிப் பாருங்கள். முதல் நிமிடத்துக்குள் பிரற்றோசு 2,6 இருபொசுபேற்று உயர்ந்து, அந்நொதியத்துடன் பிணைந்து அதை அடக்குகிறது: சிறு மூலக்கூறு, மீளும் பிணைப்பு. அடுத்த சில நிமிடங்களில் நொதியத்தில் பொசுபேற்றுப் பதிந்து, தொழிற்பாடு பாதியளவுக்கு வீழ்கிறது: கழுவினாலும் போகாது, ஆயினும் இக்கட்டத்தில் குளுக்கோசை அகற்றினால் புதிய புரதமின்றியே மீளும். அதற்குள் பரம்பரையலகின் பிரதியெடுத்தல் நின்று, தூதர் ஆர்.என்.ஏ.யும் மறைந்துவிடுகிறது. பின்னர் ஓரிரு மணிநேரத்தில் யுபிக்குயிட்டின் குறியோடு நொதியமே அழிக்கப்படுகிறது. நான்கு பிடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மூலக்கூறின்மீது இறுகுகின்றன.

இனி, கள் முற்றி மீண்டும் சர்க்கரை தீர்ந்துபோகும் வேளையைக் கவனியுங்கள். முதல் சில நிமிடங்களுக்குள் சர்க்கரை தீர்ந்திருந்தால் கலம் உடனே பழைய வழிக்குத் திரும்பியிருக்கும். மணிக்கணக்கில் கழிந்தபின் திரும்புவதாயின், அழிந்த நொதியத்தைப் பரம்பரையலகிலிருந்தே மறுபடி கட்டவேண்டும். சைக்குளோஎக்சிமைட்டு இருந்தால் அதுவும் நடவாது. மதுவத்தின் வளர்ச்சி வரைபில், சர்க்கரை தீர்ந்த இடத்துக்கும் அற்ககோலில் வளரத் தொடங்கும் இடத்துக்கும் இடையே கோடு கிடையாகக் கிடப்பதைக் காண்பீர்கள். அங்கே கலம் சும்மா இருக்கவில்லை. அழித்த நொதியங்களைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறது.